வாரியத் தலைவர் வீட்டுப் பலகை

டெலோரிஸ் க்வாமி வீட்டு நிலவறையில் நாலடித் தண்ணீர் நின்று வடிந்த மறுநாள், லவோன் ஹவ்லண்ட் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேறு அள்ளப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. எல்க்வேல் பக்கத்தில் யாரும் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று காதில் விழுந்தால் வாளியோடு போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். போகாவிட்டால் ஊர் வாயை மூட முடியாது. லவோன் போகாமல் இருப்பதைவிடப் போய்விடுவது சுலபம் என்று நினைத்தாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று நிலவறைப் படியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது.

"பாத்து இறங்குடி, மூணாவது படி வழுக்குது. நேத்து அதுல உக்காந்தே கீழ போய்ச் சேந்தேன்," என்றாள் டெலோரிஸ். முழங்கால்வரை சேறு. தலையில் ஒரு பழைய கம்பளித் தொப்பி. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளவில்லை, கேட்டால் "நாப்பது பிள்ளைங்களைத் தினம் ரெண்டு தடவை சுமக்கிறேன், போதாதா?" என்பாள்.

அந்தச் சமவெளியின் கறுப்பு மண் காய்ந்திருந்தால் பாறை, நனைந்தால் பசை. பூட்ஸை விட்டுவிட்டுக் காலை மட்டும் திருப்பிக் கொடுக்கும். நிலவறை முழுக்க அந்த மண் ஓர் அடி உயரத்துக்குப் படிந்து கிடந்தது. ஈர அட்டைப்பெட்டி வாடையும் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனிலிருந்து கசிந்த எண்ணெய் வாடையும் மூக்கை அடைத்தன. மூலையில் ஃப்ரீசர் குப்புறக் கிடந்தது.

"அது படகு மாதிரி மிதந்துச்சுடி. உள்ள வேட்டையாடி வெச்ச மூணு மான். நோவாகூட ரெண்டுதான் ஏத்தினான்," என்றாள் டெலோரிஸ். தானே சொல்லித் தானே சிரித்தாள். லவோனும் சிரிக்க வேண்டியிருந்தது.

மத்தியானம்வரை அள்ளினார்கள். ஜன்னல் வழியாக வாளியை வெளியே கொட்டுவது, காலி வாளியை வாங்குவது, மறுபடி குனிவது. லவோன் இடது கையாலேயே தூக்கினாள். வலது தோளில் பிப்ரவரியில்தான் அறுவை நடந்திருந்தது. அப்போது தொண்ணூறு மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்குப் பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவள் இதே டெலோரிஸ்தான். புருஷன் ஓர்லினுக்கு அன்றைக்கு வடிகால் வாரியக் கூட்டம்.

பன்னிரண்டு மணிக்கு மேலே சமையலறையில் காபி. வெளியே ஏப்ரல் வெயில், கண் கூசுகிற மாதிரி. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீருக்கு மேல் வாத்துகள். டெலோரிஸ் ஒரு தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச் எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு மேஜைக்குக் குறுக்காகக் கையை நீட்டி லவோனின் கையைப் பிடித்தாள்.

"நேத்துக் காலைல உன் புருஷன் மட்டும் வரலைன்னா என் வீடே போயிருக்கும்டி. போன் வெச்சு அஞ்சு நிமிஷம் ஆகல, டிராக்டர் வெளிச்சம் தெரியுது. இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சங்கிலியைப் போட்டு இழு இழுன்னு இழுத்து அந்தக் குழாய் அடைப்பை எடுத்தார் மனுஷன். வாரியத் தலைவர்னா இப்படி இருக்கணும். அவரை நான் எவ்வளவோ பேசியிருக்கேன், சிடுமூஞ்சி, சட்டம் பேசுறவர்னு. எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

லவோன் சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டு மென்றாள், மென்றாள், விழுங்க முடியவில்லை. எழுந்து பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிற விஷயம் இல்லை.

ஓர்லின் ஹவ்லண்டின் நிலத்துக்கும் டெலோரிஸின் நிலத்துக்கும் நடுவே ஒரு மண்ரோடு. தண்ணீர் அங்கே வடக்கே ஓடும். டெலோரிஸ் பக்கத்துப் பனி உருகிய தண்ணீர், ரோட்டுக்கு அடியில் போகிற மூன்றடிக் குழாய் வழியாக ஓர்லின் வயலில் இறங்கி, அங்கிருந்து வாரியத்தின் பெரிய வடிகாலுக்குப் போக வேண்டும். அந்த வயலில் ஓர்லின் போன செப்டம்பரில் எண்பது ஏக்கர் குளிர்காலக் கோதுமை விதைத்திருந்தான். பள்ளமான வயல், வசந்தத்தில் தண்ணீர் நிற்கும், பயிர் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று தானியக் கிடங்கை ஒட்டிய காபிக்கடையில் அத்தனை பேரும் சொன்னார்கள். "ஒன்பது வருஷமா இந்த ஜில்லாத் தண்ணிய நான் ஆளறேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கெடுத்தது. கோதுமை போனால் போகட்டும் என்று விட்டிருப்பான், அந்த வார்த்தையை விட முடியவில்லை.

குருத்தோலை ஞாயிறு. அந்த ஊர் மேஜை மாதிரி தட்டை, இரண்டு மைல் தள்ளி ஒருத்தன் டிராக்டரைத் திருப்பினால் யார் என்று சொல்லிவிடலாம். யார் கண்ணிலும் படாத நேரம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான், சர்ச் நடக்கிற நேரம். பத்து மணிக்கு மணி அடித்ததும் ஓர்லின் ஒரு முழு பிளைவுட் பலகையை வண்டியில் போட்டான். "ரெண்டே நாள். பெரிய வடிகால் இறங்கினதும் எடுத்துடலாம். அவ வயல்ல ரெண்டு நாள் நின்னா ஒண்ணும் ஆகாது, தரிசுதானே," என்றான். பலகை தண்ணீரில் மிதக்கும், தனி ஆளால் முடியாது. அவன் பலகையைக் குழாய் வாய்க்கு நேரே பிடிக்க, லவோன் ரோட்டில் நின்று நீளக் கம்பை வைத்து நல்ல தோளால் அதை அழுத்தினாள். ஒரு கணம் அது திமிறியது. அப்புறம் ஓட்டமே அதை இழுத்துக் குழாய் வாயில் ஒட்ட வைத்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்று போனது. வீட்டுக்கு வந்து கைகழுவிவிட்டு, சர்ச் முடிந்து வருகிறவர்கள் போன் செய்தால் சொல்ல ஒரு வயிற்று வலியைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையிலிருந்தே தெற்கே இருந்து யாரும் எதிர்பார்க்காத வெப்பக்காற்று. இரண்டு நாளில் உருக வேண்டிய பனி பத்து மணி நேரத்தில் உருகியது. திங்கள் விடிவதற்குள் டெலோரிஸ் வீட்டு முற்றம் ஏரி. அவள் போன் செய்தது யாருக்கு? வாரியத் தலைவருக்கு. ஓர்லின் ஓடினான். தண்ணீரின் அழுத்தத்தில் ஒட்டிக்கிடந்த பலகையைச் சங்கிலி போட்டு டிராக்டரால் பிய்த்து, அதன்மேல் கோரையையும் ஐஸ் கட்டியையும் அள்ளிப் போட்டு மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விறகடுப்பில் வைத்தான். கேட்டவர்களிடம் "ஐஸும் கோரையும் அடைச்சிருந்துது" என்றான். கோதுமையும் பிழைக்கவில்லை. தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது.

இத்தோடு போயிருந்தால் இரண்டு பேர் மனசுக்குள் புழுங்கியதோடு முடிந்திருக்கும். போகவில்லை. ஏனென்றால் அந்தக் குழாய் வெள்ளிக்கிழமையே சரிபார்க்கப்பட்ட குழாய்.

வாரியம் என்பது ஐந்து பேர். ஊர் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. கவுண்டி நிர்வாகத்து ஆட்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நியமிக்கிறவர்கள். யார் எங்கே வாய்க்கால் வெட்டலாம், எந்த ரோட்டுக்கடியில் எத்தனை இஞ்சுக் குழாய் போடலாம் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சம்பளத்துக்கு இருப்பவர்கள் இரண்டே பேர். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கோனி, வடிகால் ஆய்வாளர் டாரெல் விட்கோ. ஓர்லின் தலைவரான பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருத்தன் மண்வெட்டி போட முடியாது. சொந்த மச்சான் போட்ட குழாயையே தோண்டி எடுக்க வைத்தவன். "ஓர்லின்கிட்ட சீட்டு வாங்காம நாய்கூட வாய்க்கால்ல காலைத் தூக்காது" என்று காபிக்கடையில் சொல்வார்கள். அதைக் கேட்டு அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

டாரெல் அப்படிப்பட்ட தலைவருக்கு ஏற்ற ஆள். வெள்ளத்துக்கு முன்னால் ஜில்லாவின் ஒவ்வொரு குழாயையும் போய்ப் பார்த்து, ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுவான். பீவர் என்கிற நீரெலிகள் கட்டிய அணைகளைப் பிரிப்பான். நாற்பத்தாறு வயசு, கூச்ச சுபாவம், பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். அந்த நோட்டில் வெள்ளிக்கிழமை பகல் இரண்டேகாலுக்கு அந்தக் குழாய்க்கு நேரே "திறந்திருக்கிறது" என்று எழுதியிருந்தது. இரண்டு நாளில் கோரையும் ஐஸும் ஒரு மூன்றடிக் குழாயை அப்படி அடைக்காது என்று நகரத்திலிருந்து வரும் பொறியாளர் சொல்லிவிட்டார். அப்படியானால் ஆய்வாளர் பார்க்காமலே எழுதியிருக்கிறார். உதவித் தலைவர் வெண்டல் ப்ராட்டன், வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாரெலை வேலையிலிருந்து எடுப்பது பற்றிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

லவோன் சேறு அள்ளிவிட்டு வந்த அன்றே, செவ்வாய் பிற்பகல், டாரெல் அவர்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். லவோன் காபி ஊற்றினாள். பேச்சு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கவில்லை, முதலில் வானிலை, பிறகு ஆற்று மட்டம், பிறகு வாத்து.

"ஓர்லின்," என்றான் கடைசியில். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு."

"சொல்லு."

"அந்த நோட்டு என் கையெழுத்துதான். ரெண்டேகால். அதுல சந்தேகம் இல்ல. ஆனா நான் வண்டிய விட்டு இறங்கினேனான்னு எனக்கு ஞாபகம் வரல."

ஓர்லின் கோப்பையை மேஜையில் வைத்தான்.

"அந்த வாரம் இருநூறு குழாய்க்கு மேல பாத்தேன். மொதல்ல நல்லா ஞாபகம் இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. இறங்கினேன், குனிஞ்சேன், மறுபக்க வெளிச்சம் வட்டமாத் தெரிஞ்சுதுன்னு. ஆனா எல்லாக் குழாய்லயும் அப்படித்தானே தெரியும்? இது அதுவா, வேறயான்னு குழம்பிடுச்சு. நேத்துலேர்ந்து யோசிக்க யோசிக்க, வண்டிக்குள்ள இருந்தே எட்டிப் பாத்துட்டு எழுதியிருப்பேனோன்னு தோணுது. அன்னிக்கு மழை வேற தூறிச்சு. சோம்பேறித்தனம் பண்ணிட்டேன் போல." அவன் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். "டெலோரிஸ் வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். அந்தம்மா என்னை ஒரு வார்த்த திட்டல. கொதிகலனக் காட்டினாங்க, அவ்வளவுதான். எனக்கு அங்கயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு."

லவோன் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஓர்லினைப் பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"கூட்டத்துல நானே ஒத்துக்கறேன்," என்றான் டாரெல். "பாக்காம எழுதிட்டேன்னு. வேலை போயிடும், அது தெரியும். பொய்யா எழுதினவன்னு பேரு வந்தா வேற எந்த வாரியத்துலயும் சேத்துக்கமாட்டாங்க, அதுவும் தெரியும். ஆனா உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது பாருங்க. நீங்கதானே என்னை வேலைக்கு எடுத்தீங்க."

ஓர்லின் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தான். பிறகு, "யாருக்கும் நடக்கிறதுதான், டாரெல்," என்றான்.

டாரெல் தலையாட்டினான். நன்றி சொன்னான். ஆமாம், நன்றிதான் சொன்னான். பூட்ஸை மாட்டிக்கொண்டு, காபி நன்றாக இருந்தது என்று லவோனிடமும் சொல்லிவிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் ரோட்டில் மறைகிறவரை லவோன் அசையவில்லை. பிறகு கொட்டகைக்குப் போன ஓர்லினைத் தேடிக்கொண்டு போனாள். அவன் விதைக்கும் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் அந்தக் காலோடுதான் பேசினாள்.

"யாருக்கும் நடக்கிறதா? எவனுக்குடா நடக்கும்? செய்யாததைச் செஞ்சேன்னு நம்ப ஆரம்பிச்சுட்டான் அந்த மனுஷன்! நாம நம்ப வெச்சுட்டோம்!"

"கத்தாத."

"யாருக்குக் கேக்கப் போவுது? வாத்துக்கா?"

ஓர்லின் வெளியே வந்தான். முகத்தில் கிரீஸ். அறுபத்துமூன்று வயசு மனுஷன், அன்றைக்கு அதற்கும் மேலே தெரிந்தான்.

"நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? பதவி போறது இருக்கட்டும். ஒன்பது வருஷமா நான் எத்தனை பேர் குழாயத் தோண்டி எடுக்க வெச்சிருக்கேன்? உன் தம்பி இன்னும் கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கறதில்ல. அவங்க அத்தனை பேரும் காபிக்கடைல உக்காந்து சிரிப்பாங்க. சாகறவரைக்கும் சிரிப்பாங்க. நான் செத்தப்புறமும் சிரிப்பாங்க. டாரெலுக்கு வேற வேலை கிடைக்கும் லவோன். எனக்கு வேற ஊர் கிடைக்காது."

"அவனுக்கு வேலை கிடைக்காதுன்னு இப்பதான் அவனே சொன்னான். நீயும் கேட்டே."

"பீட் சர்க்கரை ஆலைல கிடைக்கும்."

"சரி, உனக்கும் பீட் ஆலைல கிடைக்கும், போ."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கிரீஸ் துப்பாக்கியை மேஜையில் போட்டான். "ரொம்ப நியாயம் பேசறியே. கம்பைப் பிடிச்சது யாரு? இன்னிக்கு மத்தியானம் அவ வீட்ல உக்காந்து காபி குடிச்சியே, அப்ப எங்க போச்சு இந்த வாயி?"

லவோன் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய் அடுப்புக்கு முன்னால் முட்டி போட்டுச் சாம்பலை வாரினாள். அதில் பிளைவுட்டின் ஓரம் ஒன்று எரியாமல் கிடந்தது. தீக்குச்சி கிழித்து அதை எரித்தாள். எரித்துவிட்டு, இதையும் நான்தான் செய்கிறேன் என்று நினைத்து அழுதாள். மறுநாளும் சேறு அள்ளப் போனாள். வியாழன் வரைக்கும் ஹவ்லண்ட் வீட்டில் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதைத் தாண்டி ஒரு பேச்சும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். முன்பு டிராக்டர் கடையாக இருந்த கட்டடத்தில்தான் வாரிய அலுவலகம். குதிரைலாட வடிவில் மேஜை, அதில் ஐந்து பேர், எதிரே இரும்பு நாற்காலிகள், பின்சுவரில் காபிப் பாத்திரமும் ஒரு பெட்டி டோனட்டும். வழக்கமாக மூன்று பேர் வந்து தூங்குவார்கள். அன்றைக்கு நாற்காலி போதவில்லை. வெள்ளத்தில் அடிபட்டவர்கள், அடிபடாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், காபிக்கடைக் கூட்டம் முழுசாக.

லவோன் வருவாள் என்று ஓர்லின் எதிர்பார்க்கவில்லை. அவன் விடியற்காலையே கிளம்பிப் போயிருந்தான். அவள் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஓர்லின் சொல்வான், அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவான் என்று ஒரு நினைப்பு.

"வாடி, இங்க," என்று டெலோரிஸ் பக்கத்து நாற்காலியில் போட்டு வைத்திருந்த கோட்டை எடுத்து இடம் கொடுத்தாள். "உன் புருஷனுக்கு நன்றித் தீர்மானம் போடறாங்க தெரியுமா? வெண்டல்கிட்ட நான்தான் சொன்னேன்."

வெண்டல் ப்ராட்டன் அதை எழுந்து நின்று படித்தார். திங்கள் விடியற்காலை தம் உயிரையும் பொருட்படுத்தாமல் அடைப்பை அகற்றிய தலைவருக்கு வாரியம் தன் நன்றியைப் பதிவு செய்கிறது. எல்லாரும் கைதட்டினார்கள். டெலோரிஸ் எழுந்து நின்று தட்டினாள். ஓர்லின் குனிந்து தன் முன்னால் இருந்த காகிதத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தான், காது நுனிவரை சிவந்துபோயிற்று. மனுஷனுக்கு என்ன அடக்கம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அடுத்தது டாரெல். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நாலே வாக்கியம்தான் பேசினான். வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து இறங்காமல் எழுதிவிட்டேன் என்றான். ஏன் என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்றான். டெலோரிஸ் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க," என்றான். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான்.

டெலோரிஸ் மூக்கை உறிஞ்சினாள். "பாவம், நல்ல பையன்தான்," என்று லவோன் காதில் சொன்னாள். "ஆனா என் வீடு போச்சே."

ஓட்டெடுப்புக்கு முன்னால் பொதுமக்கள் யாராவது பேச வேண்டுமா என்று தலைவர் கேட்க வேண்டும். சட்டம். ஓர்லின் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். ஒருவருக்கு மூன்று நிமிஷம், பேசுகிறவர் முதலில் பேரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் வந்து அரைமணி நேரம் கத்திவிட்டுப் போனபிறகு ஓர்லினே கொண்டுவந்த விதி.

லவோன் எழுந்தாள். கால் தானாகவே மைக்குக்குப் போயிற்று. காபிக்காக எழுந்திருக்கிறாள் என்று நினைத்து டெலோரிஸ் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

கோனி பேனாவைத் திறந்துகொண்டு, பழக்கத்தில், "பேரும் விலாசமும் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அறையில் லவோனைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கோனிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கேக் செய்தவளே அவள்தான்.

"லவோன் ஹவ்லண்ட். கவுண்டி ரோடு பதினொண்ணு. வீட்டு எண் நாலாயிரத்து முப்பது," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. "டாரெல் அந்தக் குழாயப் பாத்தார். அது திறந்துதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழம சர்ச் நேரத்துல அதை ஒரு பலகை வெச்சு அடைச்சாங்க. கோதுமைக்காக. அடைச்சது நான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. வெண்டல் தன் காதுக்கருவியைத் தொட்டுப் பார்த்தார். டாரெல் மட்டும் மெதுவாகத் திரும்பினான்.

"திங்கக்கிழம வெளிய எடுத்தது கோரை இல்ல. பலகை. டெலோரிஸ், உன் வீட்ல ரெண்டு நாள் சேறு அள்ளினேன், ரெண்டு நாளும் என்னால சொல்ல முடியல. நீ எனக்குக் காபி ஊத்திக் கொடுத்தே. நான் குடிச்சேன்." அதற்குமேல் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அவ்வளவுதான்," என்றாள்.

டெலோரிஸ் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இன்னும் வரவில்லை, கணக்குப் பார்க்கிற முகம்தான் இருந்தது. பேருந்தில் பிள்ளைகள் பொய் சொன்னால் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"எந்தப் பலகை?" என்றாள்.

"பிளைவுட்."

"முழுப் பலகையா?"

"ஆமா."

"அந்தத் தோளை வெச்சுக்கிட்டா? ஆஸ்பத்திரிலேர்ந்து நான் கூட்டிட்டு வந்தப்போ உன்னால சீட்பெல்ட் போட முடியல. ரெண்டு நாளா ஒத்தக் கையால வாளி தூக்கினே. நீ தனியா, ஓடற தண்ணில, முழுப் பலகையை?"

லவோன் மைக்கை விட்டு ஓர்லின் பக்கம் திரும்பினாள். நாற்பது வருஷமாக இந்த மனுஷனுக்காகப் பேசிப் பழகிய வாய், அன்றைக்கும் அவன் பேரை விட்டுவிட்டுத்தான் பேசியிருந்தது. அது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. அறையில் ஒவ்வொருவராக மேஜையின் நடுவில் இருந்த நாற்காலியைப் பார்க்கத் திரும்பினார்கள்.

ஓர்லின் அசையவில்லை. கோனி பேனாவைக் காகிதத்தில் ஊன்றியபடியே இருந்தாள், அங்கே மைப் பொட்டு பரவியது. காபிக்கடைக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அவன் கூட்டத் தலைவர் தட்டுகிற சின்னச் சுத்தியலை எடுத்து வெண்டல் முன்னால் வைத்தான். எழுந்து, மேஜையை முழுக்கச் சுற்றிக்கொண்டு, மைக்குக்கு வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. கோனியிடம் பேசினான்.

"ஓர்லின் ஹவ்லண்ட்," என்றான். தொண்டையைச் செருமினான். "அதே விலாசம்."

கோனி எழுதினாள்.

"அவ கம்பை மட்டும்தான் பிடிச்சா. நான் பிடிக்கச் சொன்னேன். மத்ததெல்லாம் நான். செவ்வாக்கிழம டாரெல் என் வீட்டுக்கு வந்து, தான் பண்ணாத தப்பை என்கிட்ட ஒத்துக்கிட்டார். நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்." இரண்டு கையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு வெக்கமா இருக்கு," என்றான். அந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை பத்துப் பேர் முன்னால் சொல்லி யாரும் கேட்டிராத வார்த்தை. சொன்ன பிறகும் ஒன்றும் மாறவில்லை, எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெண்டல் பெரியவர், விதி தெரிந்தவர். டாரெல் விட்கோ பற்றிய தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். நன்றித் தீர்மானத்தையும் நீக்க வேண்டும் என்றார். மற்றது வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நிகழ்ச்சி நிரலில் இன்னும் ஏழு விஷயம் பாக்கி, பீவர் அணை, பாலம் பழுது, புல் வெட்டும் குத்தகை. கூட்டம் நடக்க வேண்டுமே.

ஓர்லினுக்கு மேஜையில் இனி இடம் இல்லை. அவன் பின்சுவரோரம் போய்க் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். லவோன் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். டெலோரிஸ் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கோட்டு மறுபடியும் அந்த நாற்காலியில் கிடந்தது. லவோன் ஒரு நிமிஷம் அதற்கு முன்னால் நின்றாள். டெலோரிஸ் கோட்டை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள், முன்பின் தெரியாதவர் கடந்துபோக வழி விடுகிற மாதிரி.

அத்தனை பேர் பார்க்க நடுவழியில் நின்றுகொண்டிருந்தபோது முதல் வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. டாரெல் எழுந்துவிட்டான். லவோன் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"இங்க உக்காருங்க," என்றான். "உங்களுக்குத் தோள் வலிக்கும்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போய் உட்கார்ந்தாள். மீதி ஏழு விஷயமும் முடிகிறவரை, ஒன்றேகால் மணி நேரம், டாரெல் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான்.